விதைக்கு முதலில் காய்ச்சல், அப்புறம்தான் ஐஸ்பெட்டி

பாகற்காய் விதையைத் தாளில் மடித்து, ஐஸ்பெட்டிக் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் செருகி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அடுத்த ஆண்டு எடுத்து ஊன்றினால் பத்தில் இரண்டு முளைத்தால் அதிகம். விதை பழசாகிவிட்டது என்று முடிவு கட்டிக் கடையில் புதுப் பொட்டலம் வாங்கிவிடுகிறோம். ஓர் ஆண்டு என்பது பாகல் விதைக்கு ஒரு வயதே இல்லை. அதைக் கெடுத்தது ஈரம்.

பினாங்கின் காற்றைக் கொஞ்சம் கணக்கில் எடுத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். வெயில் ஏறிய மதியத்தில் 60-களுக்கு இறங்கும். சராசரி 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். கோலாலம்பூரிலும் இதே கதைதான். விதை எந்தக் காற்றில் கிடக்கிறதோ அந்தக் காற்றோடு சமநிலைக்கு வரும் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டோ விட்டுக்கொண்டோ இருக்கும். நம் வீட்டு அலமாரியில் திறந்து கிடக்கும் பயிற்றங்காய் விதையில் 14 விழுக்காடு தண்ணீர் தங்கிவிடும். அந்த ஈரத்தில் விதை தூங்குவதில்லை. மூச்சு விட்டுக்கொண்டு, தன் சேமிப்பைத் தானே தின்றுகொண்டிருக்கும்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் காய்கறி விதைகளை ஆராய்ந்த ஹாரிங்டன் இரண்டு எளிய கணக்குகளைச் சொன்னார். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். வைக்கும் இடத்தின் வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். முதல் கணக்கு 5 முதல் 14 விழுக்காடு ஈரம் வரைதான் பொருந்தும். தோராயமான விதிகள்தான், ஆனாலும் வீட்டுக்கு இவை போதும்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி ஐஸ்பெட்டிக்கு மாற்றினால் ஐந்து முறை இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. 14 விழுக்காட்டு விதையை 7 விழுக்காட்டுக்குக் காய வைத்தால் ஏழு முறை இரட்டிப்பு, 128 மடங்கு. காய்ச்சலில், அதாவது காய வைப்பதில், கிடைக்கும் லாபம்தான் பெரிது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றை இன்னொன்றால் பெருக்க வேண்டும். ஆனால் காயாத விதையைக் குளிரில் வைத்தால் அந்த 32 மடங்கும் முழுதாகக் கிடைக்காது. ஐஸ்பெட்டிக்குள்ளும் காற்று ஈரம்தான். தாள் உறை அதைத் தடுக்காது. உறையை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் நீர் பூத்து விதைக்குள் இறங்கும்.

காய்ச்சல் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குக் கமர்கட் நல்ல உதாரணம். வெல்லப்பாகில் தண்ணீர் இருக்கும்வரை அது ஓடும், புளிக்கும், கெடும். தண்ணீர் வற்றி இறுகிவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும், மாதக்கணக்கில் கெடாது. அதே கமர்கட்டை மூடி இல்லாத டப்பாவில் இங்கே ஒரு வாரம் வையுங்கள், பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும். விதையின் செல்லுக்குள்ளும் சர்க்கரைகள் இருக்கின்றன. நன்றாகக் காயும்போது செல்லின் உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. சவ்வுகளைச் சிதைக்கும் வேதிமாற்றங்கள் அந்த இறுக்கத்தில் மெல்ல ஊர்கின்றன. ஈரம் ஏறினால் கண்ணாடி இளகும், மாற்றங்கள் வேகம் பிடிக்கும். எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள விதைகளில் கொழுப்பு காறிப்போவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

பறிக்கும் நேரத்தில் கோட்டைவிட்டால் பின்னால் எதைச் செய்தும் பயனில்லை. முற்றாத விதை காய்ந்த பிறகு சுருங்கும், முளைத்தாலும் நோஞ்சானாக வரும். கத்தரிக்காய் சமையலுக்கு ஆகாது என்று நாம் ஒதுக்குகிற நிலைக்குப் போக வேண்டும். ஊதா நிறம் மங்கிப் பழுப்பு மஞ்சளாகி, தோல் பளபளப்பை இழந்து, அழுத்தினால் அமுங்கும் பழம்தான் விதைக்கு. வெண்டைக்காய் செடியிலேயே பழுப்பாகி, மேலுள்ள வரிகளின் வழியே வெடிப்பு விட வேண்டும். பாகல் முழுக்க ஆரஞ்சு நிறமாகி வெடிக்கப் போகும் நாளில் பறியுங்கள். வெடித்த பிறகு எறும்புக்கும் பறவைக்கும் போய்விடும். உள்ளே விதையைச் சுற்றியிருக்கும் சிவப்புச் சதையைச் சல்லடையில் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பழுப்பு நிறத்தில் கெட்டியாக, ஓரத்தில் செதுக்கியதுபோல் வரி உள்ளவை நல்லவை. வெளுத்து மெலிந்தவற்றைத் தள்ளிவிடுங்கள்.

தக்காளி விதையைச் சுற்றி ஒரு கொழகொழப்பு இருக்கும். விதை பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. பிதுக்கிய சாற்றோடு ஒரு குவளையில் ஊற்றி, துணியால் மூடிப் புளிக்க விட வேண்டும். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் மூன்று நாள் என்று சொல்லும். நம் வெக்கைக்கு ஒரு நாள், மிஞ்சிப்போனால் ஒன்றரை நாள். அதற்கு மேல் விட்டால் குவளைக்குள்ளேயே வெள்ளை முனை எட்டிப் பார்க்கும், அந்த விதையை இனிக் காய வைக்க முடியாது. புளித்ததும் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், சக்கையும் பொக்கும் மிதக்கும்.

பயிற்றங்காய்க்கு மழைதான் எதிரி. நெற்று மஞ்சளாகி வற்றும் நேரத்தில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் காய்க்குள்ளேயே முளை விடும், அல்லது பூசணம் பிடிக்கும். மஞ்சளானதைக் கொத்தோடு அறுத்து வீட்டுக்குள் கட்டித் தொங்க விடுங்கள், மிச்சம் அங்கே காயும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் வறட்சி. விதைக்கென விடும் காய்கள் அந்தச் சமயத்தில் முற்றும்படி நவம்பரில் நட்டால் பாதி வேலை வானமே செய்துவிடும். மிளகாயில் பெரிய வேலை இல்லை. நன்றாகச் சிவந்த பழத்தை மூன்று நான்கு நாள் தொய்ய விட்டுப் பிளந்து எடுத்தால் போதும், கழுவ வேண்டாம். சிலி பாடி எனும் காரமான குட்டி மிளகாய் என்றால் கையுறை அவசியம்.

காய வைப்பதை இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும். இதைத்தான் பலரும் தவற விடுகிறார்கள்.

முதல் கட்டம் காற்றாடி. விதையை ஒற்றை அடுக்காகச் சல்லடையிலோ பீங்கான் தட்டிலோ பரப்பி, நிழலில் காற்றாடிக்குக் கீழே மூன்று முதல் ஐந்து நாள் வையுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை கிளறிவிடுங்கள். டிஷ்யூ தாளில் பரப்பினால் தக்காளி விதை ஒட்டிக்கொண்டு தோலோடு பிய்யும். தகரத்திலோ சிமெண்டுத் தரையிலோ உச்சி வெயிலில் போடாதீர்கள். அந்தப் பரப்பு 50 டிகிரியைத் தாண்டிச் சுடும், ஈர விதையின் கரு வெந்துவிடும். 35 டிகிரிக்கு மேல் ஈர விதைக்கு ஆபத்து என்று வைத்துக்கொண்டால் தவறாது. சாயங்காலம் ஆனதும் எடுத்து மூடிய டப்பாவில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் விட்ட ஈரத்தை விதை இரவில் திரும்பக் குடித்துவிடும்.

காற்றாடி எத்தனை நாள் சுற்றினாலும் நம் ஊரில் விதை 12, 13 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. காற்றே அவ்வளவு ஈரமாக இருக்கும்போது விதை எப்படி அதைவிடக் காயும்? இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் அறை இன்னும் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் துவரைக்குச் செம்மண் பூசிக் காய வைப்பதும், சாம்பல் கலந்து பானையில் கொட்டி வைப்பதும் நன்றாக நடந்ததற்கு அங்கே இருக்கும் வறண்ட கோடை ஒரு காரணம். சாம்பலும் மண் பூச்சும் வண்டை விரட்டும். ஆனால் இங்கே திறந்த பானையில் அந்தச் சாம்பலே ஈரத்தை இழுத்து விதைக்குக் கொடுக்கும். முறையைக் குறை சொல்வதற்கில்லை, காற்று வேறு.

இரண்டாவது கட்டம், ஈரத்தை இழுக்கும் மணிகளான சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறுவதே வீட்டுக்கு ஏற்றது. காற்றாடியில் காய்ந்த விதையின் எடைக்குச் சமமான எடை ஜெல், இதுதான் அளவு. ஜெல்லைத் துணிப் பையில் கட்டி, விதையைத் தாள் உறையில் போட்டு, இரண்டையும் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலில் வைத்து இறுக மூடுங்கள். மிளகாய், தக்காளி, கீரை போன்ற சிறு விதைக்கு ஐந்து நாள் முதல் ஒரு வாரம். பயிற்றங்காய், பாகல் போன்ற பெரிய விதைக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம். இடையில் நிறம் மாறிவிட்டால் ஜெல்லை மாற்ற வேண்டும். கழுவிய கையோடு நேராக ஜெல்லுக்குள் போடுவது வீண்வேலை. அவ்வளவு தண்ணீரைத் தாங்க அதே எடை ஜெல்லால் முடியாது.

போதிய அளவு காய்ந்ததா என்று தராசு சொல்லிவிடும். 100 கிராம் பயிற்றை விதையில் 14 விழுக்காடு ஈரம் என்றால் தண்ணீர் 14 கிராம், மற்றது 86 கிராம். அந்த 86 கிராம் மாறாது. நமக்கு 8 விழுக்காடு வேண்டும் என்றால் மொத்த எடையில் அது 92 பங்காக இருக்க வேண்டும். 86-ஐ 0.92-ஆல் வகுத்தால் 93.5. தராசு 93.5 கிராம் காட்டும் நாளில் விதையை ஜெல்லிலிருந்து எடுத்துவிடலாம். பத்து கிராம் மிளகாய் விதை போன்ற சிறு அளவுக்கு 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும்.

தொடக்க ஈரம் தெரியாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. தீப்பெட்டி அளவில் விற்கும் டிஜிட்டல் ஈரப்பத மீட்டரை, ஜெல் இல்லாமல், விதையோடு மட்டும் போத்தலில் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். அது காட்டும் எண் 20-க்கும் 30-க்கும் இடையில் இருந்தால் காய்ச்சல் போதும். 40-ஐத் தாண்டினால் மறுபடி ஜெல். மலிவு மீட்டர்கள் பொய் சொல்லும், அதனால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பு இரண்டு கரண்டி எடுத்து, ஈர மணல்போல் ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டி, மீட்டரோடு ஒரு டப்பாவில் எட்டு மணி நேரம் அடைத்து வையுங்கள். உப்புக்கு மேலே காற்று 75 விழுக்காட்டில் நிற்கும். மீட்டர் 70 காட்டினால், இனிப் பார்க்கும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள். உப்பு மீட்டரில் ஒட்டக் கூடாது.

மீட்டரும் தராசும் இல்லையென்றால் கை இருக்கிறது. வெள்ளரி விதையை வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். பயிற்றை விதையைச் சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் சிதற வேண்டும்.

ஜெல்லுக்குப் பதில் அரிசி போடலாமே என்ற கேள்வி எப்போதும் வரும். மூட்டையிலிருந்து அள்ளிய அரிசியில் ஏற்கெனவே 12, 13 விழுக்காடு ஈரம் இருக்கிறது. விதையும் அதே நிலை. யார் யாரிடமிருந்து இழுப்பது? போதாக்குறைக்கு அரிசி வண்டும் வந்து சேரும். அரிசியை வாணலியில் லேசாகப் பொன்னிறம் ஆகும்வரை வறுத்து, சூட்டோடு போத்தலில் அடைத்து, அதிலேயே ஆறவிட்டுப் பயன்படுத்தினால் ஓரளவு இழுக்கும். விதையின் எடைக்கு இரண்டு மூன்று பங்கு வேண்டும், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அலமாரியில் வைக்கும், அடியில் தண்ணீர் சேருகிற ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை விதைப் போத்தலில் வைக்காதீர்கள். அந்தக் கால்சியம் குளோரைடுத் தண்ணீர் சாய்ந்தால் விதை போயிற்று.

நிறம் மாறிய ஜெல்லை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். அதற்கு மேல் சூடேற்றினால் நிறம் காட்டும் பொருள் கெட்டுவிடும், பிறகு ஜெல் காய்ந்ததா நனைந்ததா என்று தெரியாது. சமையல் தட்டில் செய்யாதீர்கள், அதற்கென்று ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிக்கும் பாத்திரத்தில் ஏமாறுவது எளிது. ஜிப் பை காற்றை அடைப்பதுபோல் தோன்றும், ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் வழியாக நீராவி மாதக்கணக்கில் கசிந்து உள்ளே வரும். ஜாம் போத்தல் நல்லது, மூடியின் உள் வளையம் வெடிக்காமல் இருந்தால். சந்தேகம் வந்தால் உலர்ந்த ஜெல் மட்டும் போட்டு மூடி, எடை எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை கூடியிருந்தால் அந்த மூடி ஒழுகுகிறது, விதைக்கு ஆகாது. பல ஆண்டுக்கென்றால் அலுமினியத் தாள் ஒட்டிய பைகளை வாங்கி வாயைச் சூட்டில் ஒட்டிவிடுவது சிறந்தது. ஒரு விதைப்புக்கு ஒரு பை என்று சிறுசிறு அளவாகப் பிரித்து அடைத்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்றவை தொந்தரவு படாது.

இதன் பிறகுதான் ஐஸ்பெட்டி. கதவில் வேண்டாம், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் சூடு ஏறி இறங்கும். அடித்தட்டில், பின்பக்கம் தள்ளி வையுங்கள். 8 விழுக்காட்டுக்குக் கீழே காய்ந்த விதையை உறைபெட்டியிலும் வைக்கலாம். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த உலக விதைக் களஞ்சியம் வைத்திருப்பதும் கழித்தல் 18 டிகிரியில்தான், வீட்டு உறைபெட்டியும் ஏறக்குறைய அதே குளிர். ஆனால் காயாத விதை அங்கே போனால் உள்ளிருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிச் செல்லைக் கிழித்துவிடும். வெளியே எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். மூடியைத் திறக்காமல் ஓர் இரவு முழுக்க அறையில் வைத்து, போத்தல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த போத்தலைத் திறந்தால் நம் காற்றிலுள்ள நீர் விதை மேலேயே படியும். இரண்டு வாரம் பாடுபட்டு எடுத்த ஈரம் சில நிமிடத்தில் திரும்பிவிடும்.

பயறு வகைகளில் வண்டு தனித் தொல்லை. தோட்டத்திலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடும், புழு விதைக்குள் இருந்துகொண்டே வளரும். அடைத்து ஒரு மாதம் கழித்து வட்டத் துளைகளோடு மாவு உதிர்வதைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். நன்றாகக் காய்ந்த பயறு விதைகளை, ஐஸ்பெட்டியில்தான் வைக்கப் போகிறீர்கள் என்றாலும், முதலில் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். முட்டையும் புழுவும் சாகும்.

அதிகம் காய்ந்தாலும் சில சங்கடங்கள் உண்டு. வெண்டையும் பயறு வகைகளும் மிகவும் காய்ந்தால் தோல் இறுகித் தண்ணீரே புகாது. வெண்டை விதையை உப்புத்தாளில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு ஊற வைத்தால் சரியாகும். பாகலுக்கு நகவெட்டியால் ஓட்டின் ஓரத்தை லேசாக நறுக்கிவிடலாம், உள்ளே பருப்பில் படக் கூடாது. பயிற்றை விதையை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து நேராகத் தண்ணீரில் போட்டால் வேறு சேதம் வரும். வறண்ட திசு தண்ணீரை வெறியோடு குடித்து, பருப்பு குறுக்கே வெடித்துவிடும். அதை முதலில் ஓர் இரவு ஈரத் துணி வைத்த டப்பாவில், துணியில் படாமல் ஒரு தட்டில் வைத்து மெல்ல ஈரம் ஏற்றிய பிறகு ஊன்றுங்கள்.

எல்லா விதையும் இந்த வழிக்கு வராது. டுரியான், ரம்புத்தான், பலா விதைகள் காய்ந்தால் செத்துவிடும். கறிவேப்பிலையும் அப்படித்தான், பழம் எடுத்த ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். சௌ சௌ பழத்துக்குள்ளேயே முளைக்கிற சாதி, அதை விதையாகச் சேமிக்க வழியே இல்லை. பொட்டலத்தில் எஃப் ஒன் என்று போட்டிருக்கும் கலப்பின விதையின் பிள்ளை தாயைப்போல் வராது என்பதால் அதைக் காக்கச் செலவிடும் உழைப்பும் வீண்.

வருடத்துக்கு ஒருமுறை முளைப்புத் திறனைச் சோதியுங்கள். இருபது விதையை ஈர டிஷ்யூவில் ஒன்றுக்கொன்று படாமல் பரப்பிச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, சமையலறையின் சூட்டில் வையுங்கள். டிஷ்யூவைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. பயிற்றங்காய் மூன்று முதல் ஐந்து நாளில் தெரியும், மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அப்போதுதான் பறித்த கத்தரி, கீரை, பாகல் விதைகள் இந்தச் சோதனையில் தோற்றால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது விதைக்கு ஓர் உறக்கம் உண்டு. இரண்டு மாதம் கழித்து அதே விதையில் இன்னொரு இருபதைச் சோதித்தால் கதை மாறியிருக்கும்.

இருபதில் பதினாறுக்கு மேல் முளைத்தால் போத்தலை அப்படியே மூடி வைக்கலாம். பத்துக்கும் பதினாறுக்கும் இடையில் என்றால் குழிக்கு இரண்டு போடுங்கள். பத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்தப் பட்டத்திலேயே மிச்சம் அத்தனையையும் விதைத்துப் புது விதை எடுத்துவிடுங்கள். முளைப்பு சரியத் தொடங்கிய பிறகு அது மெல்ல இறங்காது, வேகமாகச் சரிந்துவிடும். சோதித்த தேதியையும் எண்ணையும் உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். ஐஸ்பெட்டி ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும். அதே விவரத்தை எழுதிய சிறு துண்டு ஒன்றை உறைக்குள்ளும் போட்டு வையுங்கள்.